ஜாயின் செய்ததும் மொத்தம் ஏன் எகிறுகிறது? எஸ்க்யூஎல்லில் சரியான கூட்டுத்தொகை எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு டேபிளில் மட்டும் சம் போட்டால் மொத்தம் சரியாக வருகிறது. அதனோடு இன்னொரு டேபிளை ஜாயின் செய்தாலும் பல நேரம் தப்பில்லை. மூன்றாவது டேபிளைச் சேர்த்த உடனே எண் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று எகிறிவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. ரிப்போர்ட் ஒழுங்காகத்தான் இருக்கும், எண் மட்டும் பொய். அந்த எண்ணை வேறு எங்காவது உள்ள எண்ணோடு யாராவது ஒத்துப் பார்க்கும்வரை விஷயம் வெளியே வராது.

இதில் டேட்டாபேஸ் மேல் குற்றமே இல்லை. கையில் கிடைத்த வரிசைகளை ஒன்று விடாமல் கூட்டித் தந்திருக்கிறது. கூட்டலுக்கு முன்பே ஜாயின் அந்த வரிசைகளைப் பெருக்கிவிட்டது, அவ்வளவுதான். ஆகவே சம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வதை விட, சம் கையில் எந்த வரிசைகள் போய்ச் சேருகின்றன என்று பார்ப்பதுதான் வழி. கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன.

ஒரு குறிப்பு: குவெரிகளில் வரும் கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எடிட்டரில் தட்டும்போது வழக்கமான எழுத்தில் இட்டுக்கொள்ளுங்கள். டேபிள் பெயர்களும் புரிவதற்காக வைத்தவைதான்.

## கையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன டேட்டா

பெரிய டேட்டாவில் இந்தப் பிழையைப் பிடிப்பது கஷ்டம். மூன்று ஆர்டர்கள் போதும்.

ஆர்டர்கள்

| ஆர்டர்_எண் | வாடிக்கையாளர்_எண் | டெலிவரி |
|---|---|---|
| 101 | 1 | 50 |
| 102 | 1 | 40 |
| 103 | 2 | 50 |

ஐட்டங்கள்

| ஐட்டம்_எண் | ஆர்டர்_எண் | தொகை |
|---|---|---|
| 1 | 101 | 200 |
| 2 | 101 | 300 |
| 3 | 101 | 500 |
| 4 | 102 | 700 |
| 5 | 103 | 250 |
| 6 | 103 | 250 |

பேமெண்ட்கள்

| பேமெண்ட்_எண் | ஆர்டர்_எண் | தொகை |
|---|---|---|
| 1 | 101 | 600 |
| 2 | 101 | 400 |
| 3 | 102 | 700 |

மனக்கணக்காகவே போட்டுவிடலாம்: ஐட்டம் மொத்தம் 2200, பேமெண்ட் மொத்தம் 1700, டெலிவரி மொத்தம் 140. ஆர்டர் 103-க்கு இன்னும் பணம் வரவில்லை. அதில் உள்ள இரண்டு ஐட்டங்களும் ஒரே தொகை. இரண்டும் வேண்டுமென்றே வைத்ததுதான், பின்னால் உதவும்.

## படி 1: ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்

குவெரி எழுதும் முன் ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். ஆர்டர்கள் டேபிளில் ஒரு வரிசை என்றால் ஓர் ஆர்டர். ஐட்டங்களில் ஒரு வரிசை என்றால் ஓர் ஆர்டரில் உள்ள ஒரு பொருள். பேமெண்ட்களில் ஒரு வரிசை என்றால் ஒருமுறை வந்த பணம்.

அப்புறம், முடிவில் உங்களுக்கு வேண்டிய ரிப்போர்ட்டுக்கும் அதே வாக்கியம்: ஒரு வரிசை ஓர் ஆர்டரா, ஒரு வாடிக்கையாளரா, ஒரு மாதமா?

இதைச் சொல்ல முடியவில்லை என்றால் சம் எழுத இன்னும் நேரம் வரவில்லை. பழைய டேபிள்களில் இது அவ்வளவு எளிதாக இருக்காது. பெயர் 'வாடிக்கையாளர்கள்' என்று இருக்கும், உள்ளே ஒரே ஆளுக்கு முகவரி மாறிய ஒவ்வொரு முறையும் ஒரு புது வரிசை இருக்கும். பெயரை நம்பாமல் கேட்டுவிடுங்கள்:

```
செலக்ட் வாடிக்கையாளர்_எண், கவுண்ட்(*)
ஃப்ரம் வாடிக்கையாளர்கள்
குரூப் பை வாடிக்கையாளர்_எண்
ஹேவிங் கவுண்ட்(*) > 1;
```

ஒரு வரிசையும் வரவில்லை என்றால் அந்த எண் தனித்தன்மை உள்ளது. வந்தால், அந்த டேபிளை ஜாயின் செய்யும் ஒவ்வொரு குவெரியிலும் மொத்தம் ஊத வாய்ப்பு இருக்கிறது.

## படி 2: சம்மை எடுத்துவிட்டு வரிசைகளைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் எழுதும் குவெரி இப்படி இருக்கும்:

```
செலக்ட் ஆ.ஆர்டர்_எண், சம்(ஐ.தொகை), சம்(பே.தொகை)
ஃப்ரம் ஆர்டர்கள் ஆ
ஜாயின் ஐட்டங்கள் ஐ ஆன் ஐ.ஆர்டர்_எண் = ஆ.ஆர்டர்_எண்
ஜாயின் பேமெண்ட்கள் பே ஆன் பே.ஆர்டர்_எண் = ஆ.ஆர்டர்_எண்
குரூப் பை ஆ.ஆர்டர்_எண்;
```

ஆர்டர் 101-க்கு ஐட்டம் 2000 என்றும் பேமெண்ட் 3000 என்றும் வரும். உண்மையில் இரண்டுமே 1000. ஏன் என்று பார்க்க, சம்மையும் குரூப் பையையும் நீக்கிவிட்டு 101-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள்:

| ஐட்டம்_எண் | ஐட்டம் தொகை | பேமெண்ட்_எண் | பேமெண்ட் தொகை |
|---|---|---|---|
| 1 | 200 | 1 | 600 |
| 1 | 200 | 2 | 400 |
| 2 | 300 | 1 | 600 |
| 2 | 300 | 2 | 400 |
| 3 | 500 | 1 | 600 |
| 3 | 500 | 2 | 400 |

மூன்று ஐட்டம், இரண்டு பேமெண்ட், ஆக ஆறு வரிசை. எந்த ஐட்டத்துக்கு எந்தப் பேமெண்ட் என்று டேட்டாபேஸுக்குத் தெரியாது, நாமும் சொல்லவில்லை. ஆர்டர் எண் ஒன்று என்பது மட்டும்தான் நிபந்தனை. அதனால் ஒவ்வோர் ஐட்டமும் ஒவ்வொரு பேமெண்டோடும் ஜோடி சேர்ந்தது. ஐட்டம் தொகை பேமெண்ட்களின் எண்ணிக்கையால் பெருகியது, பேமெண்ட் தொகை ஐட்டங்களின் எண்ணிக்கையால் பெருகியது.

ஆர்டர் 102-இல் ஒரே ஐட்டம், ஒரே பேமெண்ட். அங்கே விடை சரியாகவே வரும். இந்தப் பிழை டெஸ்டிங்கில் நழுவிப் போவது இப்படித்தான். சோதனைக்குப் போடும் டேட்டாவில் பெரும்பாலும் ஓர் ஆர்டருக்கு ஒரு பேமெண்ட்தான் இருக்கும். உண்மையான ஆட்கள் தவணையில் கட்டத் தொடங்கும்போதுதான் ரிப்போர்ட் கெடும்.

103 என்ன ஆனது? காணவே இல்லை. பேமெண்ட் இல்லாததால் ஜாயின் அதைத் தள்ளிவிட்டது. ஆக ஒரே குவெரியில் ஒரு பக்கம் ஊதல், இன்னொரு பக்கம் இழப்பு. ஐட்டம் மொத்தமாக வருவது 2700, பேமெண்ட் 3700. சில டேட்டாவில் இந்த இரண்டு தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டி, நம்பும்படியான ஓர் எண் வந்து நிற்கும். அதைவிட ஆபத்தானது இல்லை.

## மூன்றாவது டேபிள் இல்லாமலும் இது நடக்கும்

ஆர்டர்களையும் ஐட்டங்களையும் மட்டும் ஜாயின் செய்து சம்(ஐ.தொகை) எடுத்தால் 2200, சரி. ஏனென்றால் ஐட்டம் பக்கத்தில் எந்த வரிசையும் இரட்டிக்கவில்லை. அதே குவெரியில் சம்(ஆ.டெலிவரி) சேர்த்துப் பாருங்கள்: 140 வரவேண்டிய இடத்தில் 290 வரும். 101-இன் 50 மூன்று முறையும், 103-இன் 50 இரண்டு முறையும் கூட்டப்பட்டிருக்கும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஜாயின் முடிந்தபின் எந்த டேபிளின் வரிசைகள் ஒருமுறைக்கு மேல் வரவில்லையோ, அந்த டேபிளின் நெடுவரிசைகளை மட்டும் கூட்டலாம். 'ஒன்று' பக்கத்தில் உள்ள தொகையை 'பல' பக்கத்தோடு சேர்த்தபின் கூட்டக் கூடாது. ரிப்போர்ட்டிங் வட்டாரத்தில் இதை ஃபேன் ட்ராப் என்பார்கள். படி 2-இல் பார்த்த, ஒரு தாய்க்கு இரண்டு கிளை என்ற வகைக்குக் காஸம் ட்ராப் என்று பெயர். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், அதற்குப் போகும் முன் ஒரு போலி மருந்தை ஒதுக்கிவிடலாம்.

## படி 3: சம்(டிஸ்டிங்க்ட்) பக்கம் போகாதீர்கள்

மொத்தம் இரட்டித்தால் கை தானாக டிஸ்டிங்க்ட் நோக்கிப் போகும். ஆர்டர் 101-இல் சம்(டிஸ்டிங்க்ட் ஐ.தொகை) போட்டால் 200, 300, 500 என்று 1000 சரியாக வரும். "அப்பாடா" என்று குவெரியை மூடிவிடத் தோன்றும். ஆர்டர் 103-ஐப் பாருங்கள்: இரண்டு ஐட்டமும் 250. டிஸ்டிங்க்ட் ஒன்றைத் தின்றுவிடும், 500-க்குப் பதில் 250 வரும். டெலிவரியும் அப்படியே. 50, 40, 50 என்ற மூன்றும் 90 ஆகிவிடும்.

டிஸ்டிங்க்ட் மதிப்பைப் பார்க்கிறது, வரிசையைப் பார்ப்பதில்லை. ஒரே விலை கொண்ட இரண்டு தனித்தனி விற்பனை அதற்கு ஒன்றுதான். தொகைகளில் சம்(டிஸ்டிங்க்ட்) சரியான விடையாக அமையும் சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து அநேகமாக இல்லை. ஒரு குவெரியில் அதைக் கண்டால், எழுதியவர் ஊதலைக் கவனித்திருக்கிறார், காரணத்தைத் தேடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

கவுண்ட்(டிஸ்டிங்க்ட் ஆ.ஆர்டர்_எண்) வேறு விஷயம். அங்கே எண்ணுவது பிரைமரி கீயை, அதாவது ஒவ்வோர் ஆர்டருக்கும் உரிய தனி எண்ணை. அது திரும்ப வந்தாலும் ஒரே ஆர்டர்தான். தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மற்ற அக்ரிகேட்களையும் இங்கேயே முடித்துவிடலாம். மேக்ஸ், மின் இரண்டும் இரட்டிப்பால் கெடாது. சராசரி நயவஞ்சகமானது: ஓர் ஆர்டருக்குள் எல்லா ஐட்டமும் ஒரே அளவு பெருகுவதால் ஏவிஜி சரியாகவே வரும், ஆனால் பல ஆர்டர்களைச் சேர்த்து எடுத்தால் பேமெண்ட் அதிகம் உள்ள ஆர்டருக்கு எடை கூடிவிடும். நம் டேட்டாவில் ஐட்டம் சராசரி 366.67. லெஃப்ட் ஜாயின் (ஜோடி இல்லாத ஆர்டரையும் தள்ளாமல் வைக்கும் ஜாயின்) வழியாக மூன்று டேபிளையும் சேர்த்து எடுத்தால் 355.56. இரண்டு மடங்கு ஊதினால் சந்தேகம் வரும், இது போன்ற சின்ன வித்தியாசத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? ஹேவிங்கும் தப்பாது. ஊதிய சம்மை வைத்து வடிகட்டினால் தகுதி இல்லாத குழுக்களும் உள்ளே வரும்.

## படி 4: முதலில் கூட்டுங்கள், பிறகு ஜாயின் செய்யுங்கள்

இதுதான் மருந்து. ஒவ்வொரு கிளை டேபிளையும் தனியாக, ஜாயின் கீயின் அளவுக்குச் சுருக்கிவிடுங்கள். சுருக்கியபின் ஓர் ஆர்டருக்கு அதில் ஒரே வரிசைதான் இருக்கும். ஒன்றுக்கு ஒன்று என்று ஜாயின் செய்தால் பெருகுவதற்கு இடமே இல்லை.

```
வித் ஐட்டம்_மொத்தம் ஆஸ் (
  செலக்ட் ஆர்டர்_எண், சம்(தொகை) ஆஸ் ஐட்டம்
  ஃப்ரம் ஐட்டங்கள்
  குரூப் பை ஆர்டர்_எண்
),
பேமெண்ட்_மொத்தம் ஆஸ் (
  செலக்ட் ஆர்டர்_எண், சம்(தொகை) ஆஸ் பேமெண்ட்
  ஃப்ரம் பேமெண்ட்கள்
  குரூப் பை ஆர்டர்_எண்
)
செலக்ட் ஆ.ஆர்டர்_எண்,
       ஆ.டெலிவரி,
       கோஅலெஸ்(ஐ.ஐட்டம், 0) ஆஸ் ஐட்டம்,
       கோஅலெஸ்(பே.பேமெண்ட், 0) ஆஸ் பேமெண்ட்,
       கோஅலெஸ்(ஐ.ஐட்டம், 0) + ஆ.டெலிவரி
         - கோஅலெஸ்(பே.பேமெண்ட், 0) ஆஸ் பாக்கி
ஃப்ரம் ஆர்டர்கள் ஆ
லெஃப்ட் ஜாயின் ஐட்டம்_மொத்தம் ஐ ஆன் ஐ.ஆர்டர்_எண் = ஆ.ஆர்டர்_எண்
லெஃப்ட் ஜாயின் பேமெண்ட்_மொத்தம் பே ஆன் பே.ஆர்டர்_எண் = ஆ.ஆர்டர்_எண்;
```

விடை:

| ஆர்டர்_எண் | டெலிவரி | ஐட்டம் | பேமெண்ட் | பாக்கி |
|---|---|---|---|---|
| 101 | 50 | 1000 | 1000 | 50 |
| 102 | 40 | 700 | 700 | 40 |
| 103 | 50 | 500 | 0 | 550 |

வெளிக் குவெரியில் குரூப் பை இல்லை என்பதைக் கவனியுங்கள். தேவைப்படவில்லை. ஆர்டர் அளவில் ஒருமுறை சரியாக வந்துவிட்டால், அதற்கு மேல் எந்த அளவுக்கும் பயமில்லாமல் ஏறலாம். வாடிக்கையாளர் வாரியாக வேண்டுமா? இந்த முழுக் குவெரியையும் இன்னொரு சிடிஇ (வித் பகுதியில் பெயர் வைத்து எழுதும் உள்குவெரி) ஆக்கி, வாடிக்கையாளர் எண்ணையும் செலக்டில் சேர்த்து, வெளியே குரூப் பை போடுங்கள். வாடிக்கையாளர் 1-க்குப் பாக்கி 90, 2-க்கு 550, மொத்தம் 640. சரிபார்க்க: 2200 + 140 − 1700 = 640.

உள்ளே சுருக்கும்போது எந்த நெடுவரிசையில் குரூப் செய்கிறீர்களோ, அதில்தான் வெளியே ஜாயின் செய்ய வேண்டும். உள்ளே ஆர்டர் எண்ணும் தேதியும் சேர்த்துக் குரூப் செய்துவிட்டு வெளியே ஆர்டர் எண்ணில் மட்டும் ஜாயின் செய்தால், பழைய வினை மறுபடி தொடங்கும்.

## படி 5: எதுவும் விடுபடவில்லையா என்று பாருங்கள்

லெஃப்ட் ஜாயின் போட்டாயிற்று, 103 பத்திரம் என்று நினைப்போம். அப்புறம் யாரோ ஒருவர் "கார்டில் வந்த பேமெண்ட் மட்டும் காட்டு" என்பார். குவெரியின் கடைசியில் வேர் பே.முறை = 'கார்டு' என்று ஒரு வரி சேரும். அவ்வளவுதான், லெஃப்ட் ஜாயின் செத்துவிட்டது. பேமெண்ட் இல்லாத ஆர்டருக்கு அந்த இடத்தில் நல், அதாவது மதிப்பே இல்லை என்ற குறி, இருக்கும். நல்லை எதனோடு ஒப்பிட்டாலும் உண்மை என்று வராது, அதனால் வரிசையே போய்விடும்.

வலப்பக்க டேபிளின் நிபந்தனை ஆன் பகுதியில் இருக்க வேண்டும். படி 4-இன் அமைப்பில் இன்னும் எளிது: அந்த வடிகட்டலைப் பேமெண்ட்_மொத்தம் என்ற சிடிஇக்குள்ளேயே போட்டுவிடலாம். ஆர்டர்கள் தொடப்படாமல் இருக்கும்.

எண்ணும்போது இன்னொரு பொறி. லெஃப்ட் ஜாயினுக்குப் பிறகு கவுண்ட்(*) போட்டால் பேமெண்ட்டே இல்லாத 103-க்கும் 1 என்று வரும், ஏனென்றால் அங்கே ஒரு வரிசை இருக்கிறது. கவுண்ட்(பே.பேமெண்ட்_எண்) போட்டால்தான் 0 வரும்.

நல் வந்தால் அதற்குப் பதில் 0 போடும் கோஅலெஸ் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். கூட்ட ஒன்றுமே இல்லாதபோது சம் தருவது 0 அல்ல, நல். கவுண்ட் மட்டும்தான் 0 தரும். 550 − நல் என்றால் விடை நல். முழுப் பாக்கியும் வைத்திருக்கும் ஆளின் பாக்கிதான் ரிப்போர்ட்டில் வெறுமையாகத் தெரியும். அதே சமயம், எல்லா இடத்திலும் கோஅலெஸ் தூவுவதும் நல்லதில்லை. தொகை உண்மையிலேயே தெரியாமல் நல்லாக இருக்கும் இடத்தில் 0 என்று காட்டினால் அதுவும் பொய்தான்.

இரண்டு பக்கமும் விடுபடல் இருக்கலாம் என்றால், அதாவது ஆர்டர் எண்ணே இல்லாத பேமெண்ட்களும் உண்டு என்றால், ஃபுல் அவுட்டர் ஜாயின் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் அது இல்லை. அங்கே அடுத்து வரும் யூனியன் ஆல் வழி கைகொடுக்கும்.

## வேறு வழிகள், எப்போது எது

யூனியன் ஆல். டேபிள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது. ஜாயினே இல்லை, அதனால் பெருக்கமும் இல்லை:

```
செலக்ட் ஆர்டர்_எண், சம்(ஐட்டம்), சம்(பேமெண்ட்)
ஃப்ரம் (
  செலக்ட் ஆர்டர்_எண், தொகை ஆஸ் ஐட்டம், 0 ஆஸ் பேமெண்ட் ஃப்ரம் ஐட்டங்கள்
  யூனியன் ஆல்
  செலக்ட் ஆர்டர்_எண், 0, தொகை ஃப்ரம் பேமெண்ட்கள்
) எல்லாம்
குரூப் பை ஆர்டர்_எண்;
```

வரவு, செலவு, திருப்பிக் கொடுத்தது என்று நான்கைந்து கிளைகள் இருக்கும் ரிப்போர்ட்டில் எனக்கு இதுதான் பிடிக்கும். புதுக் கிளை வந்தால் ஒரு செலக்ட் கூட்டினால் போதும். 'ஆல்' என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். வெறும் யூனியன் போட்டால் ஒத்த வரிசைகளை நீக்கிவிடும், 103-இன் இரண்டாவது 250 காணாமல் போகும். படி 3-இன் கதைதான்.

செலக்டுக்குள் சப்குவெரி. ஒவ்வொரு ஆர்டருக்கும் (செலக்ட் சம்(தொகை) ஃப்ரம் பேமெண்ட்கள் வேர் ஆர்டர்_எண் = ஆ.ஆர்டர்_எண்) என்று நேரடியாக எழுதுவது. படிக்க எளிது, தப்பும் வராது. ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்களை மட்டும் திரையில் காட்டும்போது இது சிறப்பு. ஆர்டர்_எண்ணில் இண்டெக்ஸ் இருக்க வேண்டும். லட்சக்கணக்கான ஆர்டர்களுக்கு ஒரே நேரத்தில் ஓட்டினால் மந்தமாகலாம். ஒரே இடத்திலிருந்து சம், கவுண்ட், கடைசித் தேதி என்று பல மதிப்புகள் வேண்டுமானால் லேட்டரல் ஜாயின் பயன்படும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் 9.3 முதல், மைஎஸ்க்யூஎல்லில் 8.0.14 முதல் உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் அதே வேலைக்கு அவுட்டர் அப்ளை.

எக்ஸிஸ்ட்ஸ். 'குறைந்தது ஒரு பேமெண்ட் வந்த ஆர்டர்களின் ஐட்டம் மொத்தம்' போன்ற கேள்விகளில் பேமெண்ட்டிலிருந்து நமக்கு எந்தத் தொகையும் வேண்டாம், இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான். அதற்கு ஜாயின் எதற்கு? வேர் எக்ஸிஸ்ட்ஸ் போட்டால் எத்தனை பேமெண்ட் இருந்தாலும் ஐட்டம் வரிசை ஒருமுறைதான் வரும். நான் பார்த்தவரை ஊதிய மொத்தங்களில் கணிசமானவை, வடிகட்ட மட்டும் சேர்த்த ஜாயினால் வந்தவை.

ரோ நம்பர் தந்திரம். ஒவ்வோர் ஆர்டருக்குள்ளும் வரிசைகளுக்கு எண் இட்டு, முதல் வரிசைக்கு மட்டும் டெலிவரியை வைத்து, மற்றவற்றுக்கு 0 போட்டுக் கூட்டுவது. ஐட்டம் வாரியான விவரமும் மொத்தமும் ஒரே பட்டியலில் வேண்டும்போது உதவும். ஆனால் அந்த விடையை யாராவது ஐட்டம் வாரியாக வடிகட்டிவிட்டால் டெலிவரி மறைந்துவிடும். அவசரத்துக்கு மட்டும்.

## ஜாயின் கீ நம்பகமானதா?

மேலே சொன்ன எல்லாம் செய்தும் மொத்தம் ஊதினால், விவரம் தேடப் போன டேபிளைச் சந்தேகப்படுங்கள். மிக வழக்கமான குற்றவாளி, காலத்தோடு மாறும் விகிதங்கள் உள்ள டேபிள். ஒரு விகிதம் 2024-01-01 முதல் 2024-06-30 வரை, அடுத்தது 2024-06-30 முதல் என்று யாரோ பதிந்திருக்கிறார்கள். பிட்வீன் இரண்டு முனைகளையும் உள்ளடக்கும். ஜூன் 30 அன்று வந்த ஆர்டர்கள் மட்டும் இரண்டு விகிதத்தோடும் சேர்ந்து இரட்டிக்கும். ஒரு நாள் விற்பனை மட்டும் இரட்டிப்பதால் ஆண்டு மொத்தத்தில் வித்தியாசம் கண்ணில் படாது.

தேதியோடு நேரமும் சேர்ந்த நெடுவரிசை என்றால் எதிர்ப்பக்கப் பிழை: '2024-06-30 வரை' என்பது அந்த நாள் நள்ளிரவு 00:00-ஓடு நின்றுவிடும், அதற்குப் பிறகு வந்தவை எதிலும் சேராது. இரண்டையும் ஒரே அமைப்பில் தீர்க்கலாம். தொடக்கத்தைச் சேர்த்து, முடிவைச் சேர்க்காமல் எழுதுங்கள்:

```
ஆன் ஆ.தேதி >= வி.தொடக்கம் அண்ட் ஆ.தேதி < வி.முடிவு
```

அப்போது ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே தேதியாக இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயிண்ட் போட்டு, காலங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் டேபிளிலேயே தடுத்துவிடலாம். ரிப்போர்ட்டில் போராடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

## பலவற்றுக்குப் பல என்றால்

ஓர் ஐட்டம் இரண்டு வகைகளில் இருக்கலாம் என்று வையுங்கள். வகை வாரியாகக் கூட்டினால் ஒவ்வொரு வகையின் மொத்தமும் சரியாகவே இருக்கும். அந்த மொத்தங்களை எல்லாம் கூட்டினால் உண்மையான மொத்தத்தைவிட அதிகம் வரும். இது குவெரியின் பிழை அல்ல, கேள்வியின் இயல்பு.

ஆகவே குவெரியைத் திருத்தும் முன் கேட்டவரிடம் பேசுங்கள். முதன்மை வகை ஒன்றை முடிவு செய்து அதில் மட்டும் எண்ணலாம். தொகையை வகைகளுக்குப் பங்கிட்டுக் கூட்டலாம். அல்லது அப்படியே விட்டு, அடியில் உள்ள மொத்தத்தைத் தனிக் குவெரியிலிருந்து எடுக்கலாம். குழு மொத்தங்களோடு அடிவரி மொத்தத்தையும் தானே போட்டுத் தரும் ரோலப்பை நம்பாதீர்கள். அது ஜாயினுக்குப் பிந்தைய வரிசைகளைத்தான் கூட்டுகிறது, அடிவரி மொத்தமும் ஊதியே வரும். எக்செல்லில் பார்ப்பவர் அடிவரியும் மேலே உள்ளவையும் கச்சிதமாக ஒத்துப்போவதைக் கண்டு திருப்தியடைவார், அடிவரி தப்பு என்று தெரியாமல்.

குரூப் பை பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. பெயரில் குரூப் செய்யாதீர்கள், எண்ணில் செய்யுங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் கணக்கு கலந்துவிடும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்புகளில் குரூப் பையில் இல்லாத நெடுவரிசையையும் செலக்டில் எழுதலாம், ஏதோ ஒரு வரிசையின் மதிப்பு வந்து நிற்கும். 5.7.5 முதல் இயல்பாகவே அதைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறது. பழைய குவெரி ஓடவேண்டும் என்பதற்காக அந்த அமைப்பை அணைத்து வைத்திருக்கும் இடங்கள் உண்டு. உங்கள் சர்வரில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## வேகம்

முன்கூட்டியே கூட்டினால் டேபிள் முழுவதையும் படிக்க வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. முழு ரிப்போர்ட் என்றால் எப்படியும் படித்தாக வேண்டும். ஒருமுறை சுருக்கிவிட்டு ஜாயின் செய்வது, பெருகிய வரிசைகளைச் சுமந்து திரிவதைவிடப் பெரும்பாலும் வேகம்தான். ஒரு மாத ஆர்டர்கள் மட்டும் வேண்டுமானால், வெளியே மட்டும் வடிகட்டாமல் சிடிஇக்குள்ளும் அந்த ஆர்டர்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 12-க்கு முன் சிடிஇ தனியாகவே ஓடி முடியும், வெளி நிபந்தனை உள்ளே போகாது. 12-லிருந்து, ஒரே இடத்தில் பயன்படும் எளிய சிடிஇயைக் குவெரியோடு இணைத்துத் திட்டமிடுகிறது. சந்தேகம் இருந்தால் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டு, எந்தப் படியில் எத்தனை வரிசை வருகிறது என்று பாருங்கள். ஊதலைக் கண்டுபிடிக்கவும் அது நல்ல கருவி: ஜாயின் படியில் வரிசை எண்ணிக்கை திடீரென்று ஏறினால் இடம் அதுதான்.

## படி 6: சரிபார்க்கும் குவெரியைக் கூடவே வைத்திருங்கள்

ரிப்போர்ட் குவெரியின் ஃப்ரம் பகுதியை அப்படியே எடுத்து, செலக்டை மட்டும் மாற்றுங்கள்:

```
செலக்ட் கவுண்ட்(*), கவுண்ட்(டிஸ்டிங்க்ட் ஆ.ஆர்டர்_எண்)
```

ஆர்டர் அளவிலான ரிப்போர்ட் என்றால் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் எண் பெரிதாக இருந்தால் பெருக்கம். இரண்டாவது எண், ஆர்டர்கள் டேபிளின் கவுண்ட்டைவிடச் சிறிதாக இருந்தால் இழப்பு. படி 2-இன் தவறான குவெரிக்கு இதைப் போட்டால் 7, 2 என்று வரும். டேபிளில் 3 ஆர்டர்கள் உள்ளன. இரண்டு நோயும் இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்து, ஒவ்வொரு தொகைக்கும் ஜாயினே இல்லாத மொத்தம் ஒன்றை எடுத்து ரிப்போர்ட்டின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்: செலக்ட் சம்(தொகை) ஃப்ரம் பேமெண்ட்கள். அதே தேதி வடிகட்டல் இரண்டிலும் இருக்கட்டும். தினமும் ஓடும் ரிப்போர்ட் என்றால் இந்த ஒப்பீட்டையும் தினமும் தானாக ஓடவிட்டு, வித்தியாசம் 0 இல்லையென்றால் ரிப்போர்ட் வெளியே போகாமல் நிறுத்துங்கள். சோதனை டேட்டாவில் தவணையில் கட்டிய ஆர்டர் ஒன்று, பேமெண்ட்டே இல்லாத ஆர்டர் ஒன்று, ஒரே தொகையில் இரண்டு ஐட்டம் உள்ள ஆர்டர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மேலே உள்ள 101, 103 இரண்டையும் அப்படியே எடுத்துப் போட்டாலே மூன்றும் அடங்கிவிடும்.